செயின்ல கை வெச்சவங்க

வாங்க தம்பி, வாங்க. வண்டி பாக்க வந்தவருதானுங்களே? போன்ல பேசுனது நீங்கதான? உக்காருங்க. அந்த பிளாஸ்டிக் சேர இழுத்துப் போட்டுக்குங்க. அதுல ஒரு காலு கொஞ்சம் ஆடும், இந்தப் பக்கமாச் சாஞ்சு உக்காந்தா ஒண்ணும் ஆகாது. ஊட்டுல அவ இல்லீங்க. ஆசுபத்திரிக்குப் போயிருக்கறா. முட்டிக்குப் பயிற்சி குடுக்கறாங்களே, அதுக்கு. அவ இருந்தா இந்நேரம் டீ வெச்சிருப்பா. எனக்குச் சக்கரை டப்பா எங்க இருக்குதுன்னே தெரியாது. தண்ணி வேணும்னா மோந்து தர்றேன்.

வண்டிய நல்லாப் பாருங்க. பதினாலு வருசத்து பைக்குன்னு யாராச்சும் சொல்ல முடியுமுங்களா? பின் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு பாருங்க. கம்பி ஒண்ணொண்ணும் வெளக்கி வெச்ச பாத்திரம் மாதிரி இருக்கும். ரிம்முல ஒரு சொட்டு ஆயில் தெறிச்சிருக்குதா? இருக்காதுங்க. ஞாயித்துக்கெழமை தவறாம நானே குத்தவெச்சு உக்காந்து தொடைக்கறது. வேற எவனையும் தொட விட்டதில்ல. விட்டதில்லைன்னுதான் நா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எதுக்கு விக்கறீங்கன்னு போன்லயும் கேட்டீங்க, இப்ப வந்ததும் கேட்டீங்க. வாங்கறவரு கேக்கத்தான் செய்வீங்க, தப்பில்ல. வண்டியில குத்தம் இல்லீங்க தம்பி. குத்தமெல்லாம் ஊட்டுக்குள்ள. என்னைய ஏமாத்திப் போட்டாங்க. ஒரு நாளு, ரெண்டு நாளு இல்ல. பதினோரு வருசம். கட்டுன பொண்டாட்டி, பெத்த மக, தெருமொனை மெக்கானிக்கு, எதுத்தூட்டுக்காரன், அத்தன பேரும் ஒட்டுக்காச் சேந்துக்கிட்டு. உங்களுக்கு அவசரமில்லீங்களே? அப்பக் கேளுங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

நா தறி பிட்டருங்க. முப்பத்தி நாலு வருசம். இந்தச் சோமனூரு சுத்துவட்டாரத்துல எந்தத் தறிக்குடோனுக்கு வேணும்னாலும் போயி பிட்டர் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க. வாசல்ல நின்னு சத்தத்தக் கேட்டே எந்தத் தறியில என்ன சீக்குன்னு சொல்லிப்போடுவேன். தறியில படிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க. தொய்யக் கூடாது. பாவு நூலு தொய்ஞ்சுதுன்னா ஒண்ணோட ஒண்ணு சிக்கி, குறுக்க ஓடற நாடா மாட்டி, துணி போச்சு. பெல்ட்டு தொய்ஞ்சா மோட்டாரு சும்மா சுத்தும். இழுத்துப் புடிச்சு வெச்சாத்தான் எதுவும் ஒழுங்கா நடக்கும். தறிக்கும் அதான், வண்டிக்கும் அதான், ஊட்டுக்கும் அதான்.

அதனால வண்டி வாங்குன நாள்ல இருந்து செயினு வேலை என்னோடது. ஞாயித்துக்கெழமை காலையில கறி எடுத்துக் குடுத்துப்போட்டு, இங்கதான், இந்த எடத்துலதான், சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவேன். பழைய பனியன் துணி, பல்லு வெளக்குன பிரஷ்ஷு ஒண்ணு, கிண்ணத்துல டீசலு. முந்தியெல்லாம் சீமெண்ணெய், இப்ப அது எங்கீங்க கெடைக்குது? செயினு கவரக் கழட்டி, சக்கரத்தக் கையில சுத்தச் சுத்த ஒவ்வொரு கண்ணியாத் தொடைச்சு ஆயில் விடுவேன். அப்பறம் ஆக்சில் நட்டத் தளத்தி, ரெண்டு பக்கமும் இருக்கற திருகாணிய ஒரே மாதிரி முறுக்கி, சக்கரத்தப் பின்னால இழுப்பேன். இடது பக்கம் எத்தன கோடோ வலது பக்கமும் அத்தன கோடு. அதுல நா முடியளவு தப்புப் பண்ண மாட்டேன். பின் பிரேக்கு மறுபடி புடிக்கற மாதிரி வெச்சு, நட்டத் திருப்பி இறுக்கி, கடைசியா ஒரு வெரல்ல செயினத் தட்டுவேன். டங்குன்னு சொல்லோணும். மத்தவனுக வண்டியப் பாருங்க, அவுந்த வேட்டி மாதிரி தொங்கீட்டுக் கெடக்கும். பாக்கவே எனக்கு அருவருப்பா இருக்கும்.

இதுல ஒரே ஒரு ஆச்சரியம் என்னன்னா, ஞாயித்துக்கெழமை டங்குன்னு வெச்ச செயினு அடுத்த ஞாயித்துக்கெழமை பாத்தாத் தொங்கும். நெசமாத்தானுங்க. மத்தவனுக்கெல்லாம் மாசத்துக்கு ஒருக்காத் தொங்கும், எனக்கு வாராவாரம். நம்ம ஓட்டு அப்பிடின்னு நெனச்சுக்கிட்டேன். குடோன்ல பெருமையாச் சொல்லவும் செஞ்சிருக்கறேன். நா கவனிக்கலீன்னா அந்த வண்டி ஒரு வாரம் தாங்காதுடான்னு. அவனுகளும் தலைய ஆட்டுவானுக. இப்ப நெனச்சா, எத்தன பேரு சிரிப்ப அடக்கீட்டுத் தலைய ஆட்டுனானுகளோ தெரியலீங்க.

சித்த இருங்க, முந்திச் சொல்ல வேண்டியத மறந்துட்டேன். பதினோரு வருசத்துக்கு முந்தி ஒரு தடவை விழுந்துட்டோமுங்க. நானும் எங்கூட்டுக்காரியும். வசந்தாமணின்னு பேரு. சூலூருல ஒரு புதுமனை விசேசம், காலையில நேரத்துலயே கெளம்பிப் போறோம், அவ ஒருபக்கமாக் காலத் தொங்கப் போட்டுப் பின்னால உக்காந்திருக்கறா. திடீர்னு செயினு அறுந்து பின் சக்கரத்துல சுத்திக்கிச்சு. சக்கரம் அப்படியே கெட்டியாயிருச்சு. எனக்கு உள்ளங்கையில செராய்ப்பு, அவ்வளவுதான். அவ போயி ரோட்டோரத்துக் கல்லு மேல விழுந்தா. முட்டி போச்சு. பிளேட்டு வெச்சாங்க, மூணு மாசம் படுக்கையில கெடந்தா. இன்னைக்கும் ஒரு பக்கமாச் சாஞ்சுதான் நடப்பா. செயினு சரக்கு சரியில்லீங்க. வேற என்ன? முந்தின நாளு ஞாயித்துக்கெழமைதான் நல்லா இழுத்து முறுக்கி வெச்சிருந்தேன். அப்பறம் எப்பிடி அறும்? ரோட்டுல மண்ணு வேற கெடந்துச்சு.

ஆசுபத்திரி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு அன்னைக்கே ஒரு முடிவு பண்ணுனேன். இனிமே ஒரு வாரங்கூட உடக் கூடாது, செயினு தளர்ச்சியா ஒரு நாளுகூட இருக்கக் கூடாதுன்னு. பொண்டாட்டிக்கு அடிபட்டுப் போச்சேன்னு இருக்கற வெசனத்துல ஒரு மனுசன் வேற என்னங்க செய்ய முடியும்? முந்தியக் காட்டியும் எச்சாவே முறுக்குனேன்.

அவளுக்குக் கால் கட்டுப் பிரிச்சாங்க. அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் என்னையக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சா. "ஏனுங்க, உங்க உசுரு நல்லா இருக்கோணும்னு நா சாமிக்கு நேந்துக்கிட்டேனுங்க. நீங்க திங்கக்கெழமை திங்கக்கெழமை விடிகாலையில சிவன் கோயிலுக்குப் போயி வில்வம் வெச்சுப்போட்டு வரோணும். வண்டியில போகக் கூடாதுங்க, நடந்துதான்"னு சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க. அடிபட்டது அவ, நேந்துக்கறது என்ற உசுருக்கு. இப்பிடி ஒரு பொண்டாட்டி எவனுக்கு வாய்ப்பான்னு நெனச்சேன். போக அரை மணி, வர அரை மணி, சாமி கும்புடக் கொஞ்சம். பதினோரு வருசம் ஒரு வாரம் தவறலீங்க. மழையில போனேன். பனியில போனேன். ஒருக்காக் காச்சலு, ஒடம்பு கொதிக்குது. இன்னைக்கு வேண்டாம்னு படுத்தேன். சாமி காரியம் தட்டக் கூடாதுங்கன்னு சொல்லி, துண்டத் தலையில சுத்திவிட்டு அவளே அனுப்பி வெச்சா.

இப்ப இந்தச் சித்திரையில என்ன ஆச்சுன்னா, ஒரு ஞாயித்துக்கெழமை வழக்கம் போல உக்காந்து செயினத் தட்டறேன், டங்குங்குது. போன வாரம் வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது. கொஞ்சங்கூடத் தொய்யல. சந்தோசப்பட வேண்டியவன் நானு. ஆனா பிட்டர் புத்தி சும்மா இருக்குமுங்களா? இத்தன வருசம் வாராவாரம் தொய்ஞ்சது இந்த வாரம் மட்டும் ஏன் தொய்யலைன்னு ரோசனை ஓடுச்சு. தறியில நட்டு தானாக் கழலுதான்னு பாக்க ஒரு வழி இருக்குதுங்க. நட்டு மேலயும் பக்கத்து இரும்பு மேலயும் சேத்து பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்துருவோம். நட்டு திரும்புனா கோடு ஒடைஞ்சு காட்டிக் குடுத்துரும். எம் மக கோகிலவாணி கல்யாணம் ஆகிக் காங்கேயம் போறப்ப விட்டுப்போட்டுப் போன நெயில் பாலீசு ஒண்ணு அலமாரியில கெடந்துச்சு. அத எடுத்து ஆக்சில் நட்டு மேல ஒரு கோடு இழுத்து வெச்சேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமை பாக்கறேன். கோடு ரெண்டாக் கெடக்குது. செயினு தொங்குது.

யாரோ கை வெச்சிருக்கறாங்க. வண்டியக் கவுத்து என்னையக் கொல்லப் பாக்கறாங்கன்னுதான் முதல்ல நெனச்சேன். எவனா இருக்கும்? எதுத்தூட்டுச் சுப்பராயனத் தவிர வேற எவன்? அவனுக்கும் எனக்கும் சாக்கடைத் தண்ணித் தகராறு ஆறு வருசமா ஓடீட்டு இருக்குது. நேரா அவன் வாசல்ல போயி நின்னு, வெளிய வாடான்னு கூப்பிட்டேன். தெருவே வேடிக்கை பாக்குது. அவன் பேப்பரு படிச்சுக்கிட்டு இருந்தான். எல்லாத்தையும் கேட்டான், பேப்பர மடிச்சான். "அண்ணா, நாளைக்குக் கோயிலுக்குப் போறப்பப் பாதி வழியில திரும்பி வந்து பாருங்க. அத என்ற வாயில எதுக்குச் சொல்லச் சொல்றீங்க"ன்னான். சொல்லிப்போட்டுச் சிரிச்சானுங்க. கோவத்துல வந்து செயின முறுக்குனேன் பாருங்க, ஸ்பேனரு என்ற கையில பதிஞ்சு போச்சு.

திங்கக்கெழமை. விடிகாலையில தண்ணி வாத்துக்கிட்டு, திருநீறு பூசி, வில்வப் பையத் தூக்கீட்டுக் கெளம்பறேன். அவ வாசல் வரைக்கும் வந்து, பாத்துப் போங்கன்னு சொல்றா. வாராவாரம் சொல்ற அதே கொரலு. தண்ணித் தொட்டி வரைக்கும் போனேன். அங்கிருந்து பக்கத்துச் சந்துல பூந்து, நம்ம ஊட்டுக்குப் பின்னால பொறவடைச் செவுத்தோரமா வந்து நின்னு எட்டிப் பாக்கறேன்.

வண்டி சென்டர் ஸ்டாண்டு போட்டு நிக்குது. பின் சக்கரத்துக்கிட்ட ஜெபராசு உக்காந்திருக்கறான். தெருமொனையில ஒர்க்‌ஷாப்பு வெச்சிருக்கறவன். நாகர்கோயிலுப் பக்கத்துக்காரன், ஆனா இருவது வருசமா இங்கதான் கெடக்கறான். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயி ஒரு வாரம் கடை அடைச்சிருந்தான். அந்த வாரம்தான் செயினு தொய்யல, எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அவன் பக்கத்துல எங்கூட்டுக்காரி ஒரு மணைக்கட்டையப் போட்டுக் கால நீட்டி உக்காந்துக்கிட்டு, அவனுக்கு டீ டம்ளரக் கையில வெச்சிருக்கறா. நல்லா பழகுன வேலை செய்யற மாதிரி ரெண்டு பேரும் செய்யறாங்க. அவன் கேக்காமயே இவ ஸ்பேனர எடுத்துக் குடுக்கறா.

அவன் சொல்றான், "அக்கா, நேத்து யாரு மேல கோவம் அண்ணனுக்கு? நட்டு அசைய மாட்டேங்குது."

இவ சொல்றா, "சுப்பராயண்ணன் மேல."

"அதான பாத்தேன். இது ஒண்ணரைச் சுத்துக் கோவமுங்க்கா. போன வாரம் நா வந்து பாத்தப்ப முக்காச் சுத்துத்தான் இருந்துச்சு."

ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. எங்கூட்டுக்காரி எங்கிட்ட அப்பிடிச் சிரிச்சு எத்தன வருசம் ஆச்சுன்னு எனக்கு ஞாபகமில்லீங்க. என்ற கோவத்தச் சுத்துக் கணக்குல அளந்துக்கிட்டு உக்காந்திருக்கறாங்க தம்பி.

"டேய், கைய எடுடா"ன்னு கத்தீட்டு முன்னால போனேன். அவன் ஸ்பேனரக் கீழ போட்டுட்டு எந்திரிச்சுட்டான். அவ எந்திரிக்கலீங்க. முட்டி மடங்காது, சட்டுனு எந்திரிக்க முடியாது, அது வேற. ஆனா எந்திரிக்கப் பாக்கவும் இல்ல. டீ டம்ளர மட்டும் கீழ வெச்சா.

"எத்தன நாளா நடக்குது இது?"ன்னு கேட்டேன்.

"கால் கட்டுப் பிரிச்ச வாரத்துல இருந்துங்க."

"அப்பக் கோயிலு? நேத்திக்கடன்?"

தலையக் குனிஞ்சுக்கிட்டா. "கோயிலுக்குப் போனது வீணாவா போகுதுங்க? நல்லதுதானுங்களே"ன்னா.

கேட்டீங்களா? ஐநூத்திச் சொச்சம் திங்கக்கெழமை. சாமியையே கூட்டுச் சேத்துக்கிட்டு என்னைய ஊட்ட விட்டு ஓட்டியிருக்கறா. எவனோ செய்யற துரோகத்தத் தாங்கிக்கலாமுங்க. நா காச்சலோட போயி வில்வம் வெச்சுக் கும்பிட்டது அவளோட முட்டிக்காக. நேத்திக்கடன்படி என்ற உசுருக்குத்தான் கும்புடோணும், ஆனா நா அவ முட்டிக்குத்தான் கும்பிட்டேன். அந்த நேரத்துல இங்க இவ என்ன பண்ணீட்டு இருந்திருக்கறா, பாருங்க. கூட இருந்தே குழி பறிக்கறதுன்னா இதுதான? நா தப்பாச் சொல்றனுங்களா?

ஜெபராசு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டான். "அண்ணா, செயின்னா ரெண்டு வெரலாவது தொங்கோணுமுங்க. ஆளு ஏறி உக்காந்தா அது தானாவே இழுத்துக்கும். நீங்க ஆளில்லாத வண்டிய ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சு இழுத்துப் புடிக்கறீங்க. ரெண்டு பேரு உக்காந்து ஒரு குழியில எறங்குனா அதுக்கு நீள எடமே இல்லீங்க. அன்னைக்கு அறுந்துதே, அதுவும்..." அப்பிடிங்கறப்ப இவ குறுக்க பூந்து, "ஜெபராசு, நீ போப்பா"ன்னுட்டா. அவன் வாய மூடீட்டுப் போயிட்டான். அன்னைக்கு அறுந்தது என்னன்னு அவன் சொல்லி முடிக்கலீங்க. சரக்கு சரியில்லைன்னு சொல்ல வந்திருப்பான். வேற என்ன சொல்லப் போறான்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமில்ல? நா என்ன புலியா?"ன்னு கேட்டேன் அவகிட்ட.

"சொன்னேனுங்க. ஆசுபத்திரியில வெச்சுச் சொன்னேன். ஜெபராசு அறுந்த செயினப் பாத்துட்டுச் சொன்னத அப்படியே சொன்னேன். நீங்க நர்சம்மா முன்னாலயே சோத்துப் போசியத் தூக்கி வீசுனீங்க. அப்பறம் நா சொல்லலீங்க."

எனக்கு அப்பிடி ஒண்ணு நடந்ததாவே ஞாபகமில்லீங்க தம்பி. வலியில கெடந்தவ, கனவு கினவு கண்டிருப்பா. போசி கீழ விழுந்திருக்கலாம். கை தவறி.

மககிட்டச் சொல்லி நாயம் கேக்கலாம்னு காங்கேயத்துக்குப் போன் போட்டேன். நடந்ததச் சொன்னேன், அவ ஆச்சரியமே படல. உனக்கும் தெரியுமான்னு கேட்டேன். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. திங்கக்கெழமை ஜெபராசண்ணன் வந்து பாத்துட்டு எத்தன சுத்துன்னு சொல்லுவாரு. அத வெச்சுத்தான் உங்ககிட்ட எத எப்பப் பேசறதுன்னு அம்மா முடிவு பண்ணுவாங்க. எங்கல்யாணப் பேச்சே அப்பிடித்தான். நாலு வாரம் காத்துக்கிட்டு இருந்து, கால் சுத்து வந்த வாரத்துல சொன்னோம்"ங்கறா. பெத்த மக கல்யாணம்! மாப்பிள்ளை இவருதான்னு அவளே முடிவு பண்ணிப்போட்டு வந்தவ. நா ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, பெருந்தன்மையா ஒத்துக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கே எம்மேல ஒரு மரியாதை இருந்துச்சு அதுல. அதுக்கும் பின்னால ஒரு நட்டு இருந்திருக்குது பாருங்க.

நா அன்னைக்குக் கண்டிசனாச் சொல்லிப்போட்டேன். இனி எவனாச்சும் என்ற வண்டியில கைய வெச்சா நடக்கறது வேறன்னு. அவ சரிங்கன்னா. அவ்வளவுதான். அழுதிருந்தாலோ சண்டை போட்டிருந்தாலோ எனக்குப் பரவால்லீங்க. சரிங்கன்னுட்டு, மணைக்கட்டைய எடுத்துக்கிட்டு உள்ள போயி, எனக்கு இட்லி எடுத்து வெச்சா.

வியாழக்கெழமை ஆசுபத்திரி போற நாளு. வண்டிய எடுத்து நிறுத்தி, ஏறுன்னேன். "நா பஸ்ஸுல போயிக்கறேனுங்க"ன்னா. ஏன், பயமான்னு கேட்டேன். "பயமில்லீங்க. பஸ்ஸுல போயிக்கறேன்." இருவத்தெட்டு வருசமா, பழைய மொபெட் காலத்துல இருந்து, எம் பின்னால உக்காந்து வந்தவ தம்பி. விழுந்து முட்டி போனதுக்கு அப்பறமுங்கூட ஏறுனா. மறுக்காம ஏறுனா. நா என்ன நெனச்சேன்? எம்மேல அவளுக்கு அத்தன நம்பிக்கைன்னு நெனச்சேன். அவ நம்புனது என்னைய இல்லீங்க, ஜெபராசுவ. பதினோரு வருசமா எந் தோளப் புடிச்சுக்கிட்டு அவன் ஸ்பேனர நம்பி உக்காந்து வந்திருக்கறா. வேற எது பொறுத்தாலும் இது எனக்குப் பொறுக்கலீங்க.

டவுன் பஸ்ஸு படி எத்தன ஒசரம்னு உங்களுக்கே தெரியும். நல்ல கால முதல்ல தூக்கி வெச்சு, கம்பியப் புடிச்சுத் தொங்கி, இன்னொரு கால இழுத்து ஏத்தோணும். கண்டக்டரு சீக்கிரம் ஏறும்மான்னு கத்தறான். நா வண்டிய எடுத்துக்கிட்டு பஸ்ஸு பின்னாலயே போனேன். பெட்ரோலு போடத்தான். பங்கு அந்தப் பக்கந்தான் இருக்குது. ஆசுபத்திரி வாசல் வரைக்கும் போயி அவ எறங்கி உள்ள போறதப் பாத்துட்டு வந்தேன். பங்கு அதுக்கு முந்தியே வந்துரும், அது வேற விசயம். ஏழு வாரமா இப்பிடித்தான் நடக்குது. வாராவாரம் பெட்ரோலு போடறேன். இன்னைக்கு நீங்க வர்றதா இருந்ததால போக முடியல. இந்நேரம் எறங்கியிருப்பா.

இந்த ஏழு வாரமா செயினு தொய்யவே இல்லீங்க. வெச்சது வெச்சபடி கல்லு மாதிரி நிக்குது. ஞாயித்துக்கெழமை உக்காந்தா எனக்குத் தொடைக்கறதத் தவிர வேற வேலை இல்ல. வேகமாப் போனா ஊங்குனு ஒரு சத்தம் வரும், அது ஒண்ணும் பயப்பட வேண்டியதில்ல. பின்னால உக்கார ஆளில்லாத வண்டிய வெச்சு நா என்ன பண்றது? காத்தயா ஏத்தீட்டுப் போறது? அதான் விக்கறேன். அவகிட்ட இன்னும் சொல்லலீங்க. சொல்லிப்போட்டுத்தான் செய்யோணுமா? அவ எங்கிட்டச் சொல்லீட்டா செஞ்சா?

சரி, என்ற கதைய விடுங்க. நீங்க எதுக்கு வண்டி வாங்கறீங்க? வேலைக்குப் போகவா? ஓ, சம்சாரத்தக் கம்பெனியில எறக்கி உடறதுக்குங்களா. திருப்பூருக்கா? அத்தன தூரமா? தெனமுமா?

நல்லதுங்க. ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போயிட்டு ஒட்டுக்கா வாங்க. இந்தாங்க சாவி. நீங்க வர்றீங்கன்னு காலையில நானே ஒரு தடவை இழுத்து முறுக்கி வெச்சிருக்கறேன். தெருவுல ஒரு ரவுண்டு போயிப் பாத்துட்டு வாங்க. வெலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்.

ஏனுங்க தம்பி, சம்சாரம் சேலை கட்டுவாங்களா, சுடிதாரா? சேலையா. அப்ப ஒருபக்கமாத்தான் உக்காருவாங்க. ம்ம். எத்தன வயசாச்சுங்க அந்தப் புள்ளைக்கு? இருவத்தி மூணா.

இருங்க. இருங்க, கிக்கர ஒதைக்காதீங்க. எறங்குங்க சித்த.

வண்டியில ஒண்ணுமில்லீங்க. சொல்றனே, வண்டியில ஒரு குத்தமும் இல்ல. நா முறுக்குனதுல எந்தத் தப்பும் இல்ல. ஒருத்தன் ஓட்டறதுன்னா இதக் கண்ண மூடீட்டு எடுத்துக்கிட்டுப் போலாம். நீங்க ரெண்டு பேரு போறதுங்கறீங்க. தெனமுங்கறீங்க. அதுக்குச் சொல்றேன்.

ஸ்டாண்ட எடுத்து உருட்டீட்டே போங்க. ஏறி ஓட்டாதீங்க, உருட்டீட்டே போங்க, பக்கம்தான். தெருமொனையில டயரு தொங்கவிட்டிருக்கும், ஜெபராசு கடை. செயின ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க. சம்சாரத்த ஒருபக்கமா உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னு சொல்லுங்க, அத மறந்துராதீங்க. ஆனா எம் பேரச் சொல்லாதீங்க தம்பி. அக்கா அனுப்புச்சாங்கன்னு சொல்லுங்க.